படிவத்தில் 'இல்லை' என்று எழுதலாமா?

ஐயா,

என் மகனுக்கு 18 வயது. விமானியாக வேண்டும் என்கிறான். ஐந்து வயதில் இருதய ஓட்டைக்கு நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் செய்தோம். இப்போது பந்தாடுகிறான், நீந்துகிறான். மருத்துவப் படிவத்தில் அதை எழுத வேண்டாம் என்கிறார் என் அண்ணன். ஜாதகத்தில் ஆகாய யோகம் இருக்கிறதாம். எழுதினால் கனவு போய்விடுமா? எந்தப் பயிற்சிப் பள்ளி நல்லது?

ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

ஜாதகத்தை விடுங்கள். பள்ளியையும் அப்புறம் பார்க்கலாம். விமானிக்கு வேண்டிய உடல்தகுதிச் சான்றான முதல் வகுப்பு மருத்துவச் சான்று கைக்கு வரும்வரை யாரிடமும் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதுதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. பினாங்கில் என் அப்பா ஜார்ஜ்டவுனுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் பஸ் ஓட்டினார். நாலு படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லைசன்ஸ் புதுப்பிக்கக் கிளினிக்குக்குப் போனவர், 'ஒன்றும் இல்லை டாக்டர்' என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஐந்து பிள்ளைகளின் சோறு அந்த பஸ்ஸில் இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாலை, பள்ளிப் பிள்ளைகள் நிறைந்த பஸ்ஸை ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுச் சாய்ந்தார். அப்பா பிழைக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

1972 ஜூன் 18 அன்று லண்டன் ஹீத்ரோவில் கிளம்பிய டிரைடன்ட் விமானம் ஸ்டெயின்ஸ் அருகே விழுந்து 118 பேரும் இறந்தார்கள். கேப்டனின் இருதய நோயையும் காரணங்களில் ஒன்றாக விசாரணை சொன்னது. அவருக்கு அப்படி ஒரு நோய் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே, தங்கச்சி! தெரிந்தும் 'இல்லை' என்று எழுதச் சொல்கிறவர் எப்படி மாமன் ஆவார்? சட்டையைக் கழற்றச் சொன்னால் நெஞ்சுத் தழும்பைப் பையன் எங்கே ஒளிப்பான்? முதல் பரிசோதனையிலேயே ஈசிஜி எடுப்பார்கள். 30 வயதுக்குமேல் குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 50-க்குமேல் ஆண்டுதோறும் எடுப்பார்கள். பிழைப்பு நடக்கும்வரை பயந்துகொண்டே இருக்கவேண்டும்.

உண்மையைச் சொன்னால் கதவு சாத்தப்படும் என்று யார் சொன்னது? ஓட்டை நன்றாக அடைபட்டு, துடிப்பும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும் சீராக இருந்தால், இருதய நிபுணர் பார்த்தபின் சான்று கிடைக்க வழி உண்டு. அமெரிக்க விண்வெளி வீரர் டீக் ஸ்லேட்டனை, துடிப்பு சீராக இல்லை என்று 1962-ல் பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்துத்தான் மருத்துவர்கள் சம்மதித்தார்கள். 1975 ஜூலையில், தம் 51 வயதில், அப்போலோ-சோயுஸ் பயணத்தில் விண்வெளிக்குப் போனார்.

பழைய ஆப்பரேஷன் ஃபைலைத் தேடி எடுங்கள். எக்கோ என்ற இருதய ஸ்கேன், 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் சோதனை எல்லாம் கேட்பார்கள், எடுத்துக் கொடுங்கள். படிவத்தை உங்கள் மகன் தன் கையாலேயே நிரப்பட்டும். அண்ணன் அன்றைக்கு வீட்டிலேயே இருக்கட்டும்.