பதில்: அப்பா வென்டிலேட்டர் வேண்டாம் என்கிறார், அம்மா பேசவே விடுவதில்லை

அப்பா ஆரம்பித்தாலே அம்மா "அபசகுனமாப் பேசாதீங்க" என்று வாயை அடைத்துவிடுகிறார் என்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். அம்மாவை உட்காரவைத்து விளக்கப் போகாதீர்கள், அழுகையில்தான் முடியும். நான் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடும்போது பேச்சுவாக்கில் கேட்டேன். கன்னத்தில் பாதி நுரையோடு, "குழாயெல்லாம் வேண்டாம்டா, திண்ணைப் பக்கம் கட்டிலைப் போடு" என்றார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்பா நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத்திலும் வாங்கிவிடுங்கள். உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று இப்படி முன்கூட்டியே எழுதிவைப்பதை (லிவிங் வில் என்பார்கள்) 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. முதலில் மாஜிஸ்திரேட் வரை போகவேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் ஆபீசரிடமோ சான்றொப்பம் வாங்கினால் போதும். பிறகும் மருத்துவமனையில் இரண்டு டாக்டர் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அவரால் பேச முடியாதபோது யார் பேசுவது என்று அதில் பெயர் எழுதவேண்டும். அம்மா பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். பாவம், அந்த நேரத்தில் அவரால் தாங்க முடியாது. குடும்ப டாக்டரிடம் ஒரு நகல் இருக்கட்டும். எங்களுடையது ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே இருந்தது.