மூன்றாவது நிமிடத்தில் தொடை எரிகிறது: என்சைம் பவுடர் குடிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி ஆசிரியை. ஒரு மாதமாகக் காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் மைதானத்தில் ஓடிப் பழகுகிறேன். இரண்டு, மூன்று நிமிடத்திலேயே தொடை எரிந்து மூச்சு இரைக்கிறது, நின்றுவிடுகிறேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குக் கால்வலி. ஜிம்முக்குப் போகும் என் தம்பி, "மசில்ல லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சுக்கா, உனக்கு என்சைம் கம்மி" என்று சொல்லி 1,850 ரூபாய்க்கு ஒரு என்சைம் பவுடர் வாங்கித் தந்திருக்கிறான். டப்பாவை இன்னும் திறக்கவில்லை. குடிக்கலாமா? ஓடுவதற்கு முன் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வேண்டும் என்கிறார்களே, அது தேவையா?

பதில்: டப்பா திறக்காமலேயே இருக்கட்டும். உங்கள் தம்பி சொன்னதில் பாதி சரி. உங்கள் தொடைத் தசையில் சில என்சைம்கள் இப்போது குறைவாகத்தான் இருக்கும். ஆனால் அவை பவுடராகக் குடித்தால் வருபவை அல்ல. ஓடினால்தான் வரும், அதுவும் நீங்கள் இப்போது ஓடுவதைவிட மெதுவாக ஓடினால்.

ஏன் என்று புரிய, உங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மிதவையும் இறங்கும், வால்வு திறக்கும், தண்ணீர் வரும். தொட்டி நிறைந்தால் தானாக மூடிக்கொள்ளும். உயிருள்ள செல் தன் ஆற்றலை ஏறக்குறைய இப்படித்தான் பார்த்துக்கொள்கிறது. தொட்டியில் இருப்பது ஏடிபி என்ற மூலக்கூறு. தசை சுருங்குவதற்கு நேரடியாகச் செலவாவது அதுதான். நீங்கள் சாப்பிட்ட இட்லியோ உடம்பில் இருக்கும் கொழுப்போ நேராகத் தசையை இயக்குவதில்லை, எல்லாம் முதலில் ஏடிபியாக வேண்டும்.

இந்தத் தொட்டி வியப்பூட்டும் அளவுக்குச் சின்னது. உடம்பு முழுக்க உள்ள ஏடிபியைத் திரட்டினாலும் கால் கிலோவைத் தாண்டாது. முழு வேகத்தில் ஓடினால் தசையில் இருக்கும் இருப்பு இரண்டு, மூன்று நொடிக்குத்தான் காணும். ஆனாலும் ஒரு நாளில் நாம் செலவழிக்கும் ஏடிபியின் எடை ஏறக்குறைய நம் உடல் எடைக்கே நிகர். அதே மூலக்கூறு உடைந்து, மறுபடி உருவாகி, மறுபடி உடைந்து, நாளெல்லாம் நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வருகிறது. சேமித்து வைப்பது இங்கே பழக்கமில்லை, அவ்வப்போது நிரப்பிக்கொள்வதுதான். சயனைடு அத்தனை வேகமாகக் கொல்வதும் இதனால்தான். அது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் ஒரே ஒரு என்சைமை அடைத்துவிடுகிறது. தொட்டி நிரம்புவது நின்றால் சில நிமிடங்கள் தாங்குவதற்குக்கூடக் கையிருப்பு இல்லை.

இந்தத் தொட்டியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம ஊரில் படித்தவர். ஆந்திரத்தில் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் தேறியவர், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும் 1929-இல் ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்தெடுத்துக் காட்டினார். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியாகக் கண்டுபிடித்தார். வகுப்பில் இதைச் சொல்லும்போது பாதிப் பேருக்கு சுப்பாராவ் பெயரே தெரிந்திருக்காது. நீங்களும் ஆசிரியை, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சரி, தொட்டியை நிரப்ப மூன்று மோட்டார்கள் உண்டு. முதலாவது அந்த பாஸ்போகிரியேட்டின். சுவிட்சைத் தட்டியதும் ஓடும், பத்து நொடிக்குள் தீர்ந்துவிடும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதற்கு அது போதும். கடையில் விற்கும் கிரியேட்டின் பவுடர் உதவுவது இந்த மோட்டாருக்குத்தான். பளு தூக்குபவர்களுக்குப் பயன்படும், உங்கள் சிக்கலுக்கு அது மருந்தல்ல.

இரண்டாவது, குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைப்பது. பத்துப் படிகள், படிக்கு ஒரு என்சைம். என்சைம் என்பது ஒரு புரதம், தமிழில் நொதி. தானாக நடந்தால் காலமெல்லாம் பிடிக்கும் ஒரு வேதிவினையை நொடியில் முடித்துவைக்கும், தான் தீர்ந்துபோகாது. பச்சரிசிச் சோற்றை ஒரு வாய் எடுத்து ஒரு நிமிடம் மென்றால் இனிக்கும், கவனித்திருப்பீர்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவதால் வரும் இனிப்பு அது. அதே மாதிரி ஆட்கள் பத்துப் பேர் தசைக்குள் வரிசையாக நின்று குளுக்கோஸை உடைக்கிறார்கள். அவர்களில் மூன்றாவது ஆள்தான் மிதவை வால்வு. பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்று வாயில் நுழையாத பெயர். ஏடிபி நிறைய இருந்தால் ஏடிபியே இதன் மேல் ஒட்டிக்கொண்டு வேலையை மட்டுப்படுத்தும். ஏடிபி செலவாகி, அது உடைந்த துணுக்கான ஏஎம்பி கூடினால் வால்வு திறக்கும். மேலிருந்து யாரும் உத்தரவு போடத் தேவையில்லை, தொட்டியின் மட்டமே உத்தரவு.

இந்த மோட்டார் வேகமானது, ஆனால் ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டே ஏடிபிதான் தரும். மூன்றாவது மோட்டார், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உறுப்புகள். அங்கே குளுக்கோஸின் மிச்சமும் கொழுப்பும் ஆக்சிஜனோடு சேர்ந்து முழுக்க எரிகின்றன. ஒரு குளுக்கோஸிலிருந்து மொத்தம் 30 முதல் 32 ஏடிபி. (நாம் படித்த காலத்துப் புத்தகங்களில் 36, 38 என்று இருந்தது. புது அளவீடுகளில் அது குறைந்துவிட்டது.) எரிவது என்றால் விறகு மாதிரி அல்ல. உணவிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கும்போது, அந்த விசையில் ஹைட்ரஜன் அயனிகள் ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டுத் தேங்குகின்றன. மேட்டூர் அணையில் தேங்கும் தண்ணீர் மாதிரி. அவை திரும்பி வர இருக்கும் வழியில் ஒரு சுழலும் என்சைம் உட்கார்ந்திருக்கிறது. அயனிகள் பாயப் பாய அது நிஜமாகவே டர்பைன் போலச் சுற்றும், ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. பீட்டர் மிட்செல் 1961-இல் இந்த அணைக்கதையைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது நிமிடத்துக்கு வருவோம். மூன்றாவது மோட்டார் சூடு பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இதயத் துடிப்பு ஏற வேண்டும், தசையின் ரத்தக்குழாய்கள் விரிய வேண்டும், ஆக்சிஜன் வந்து சேர வேண்டும். ஓரிரு நிமிடங்கள் ஆகும். நீங்கள் எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடுவதால் அந்த இடைவெளியைப் பெரிதும் இரண்டாவது மோட்டார்தான் தாங்குகிறது. உங்கள் தசையில் மைட்டோகாண்ட்ரியா இன்னும் பெருகாததால், ஆக்சிஜன் வந்த பிறகும் அந்த வேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே இதைப் பார்க்கலாம். ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை வேகமாக மடக்கி விரித்துக்கொண்டே இருங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் முன்கை எரியும். கையைக் கீழே தொங்கவிட்டு ஓய்வு கொடுங்கள், எரிச்சல் சீக்கிரமே வடிந்துவிடும். எதையும் குடிக்கவில்லை, எதையும் தடவவில்லை. ரத்தம் வந்தது, மூன்றாவது மோட்டார் கணக்கை நேர் செய்தது.

லாக்டிக் ஆசிட் விஷயத்தையும் முடித்துவிடுவோம். இரண்டாவது மோட்டார் வேகமாக ஓடும்போது லாக்டேட் (லாக்டிக் ஆசிட் உடம்புக்குள் இருக்கும் வடிவம்) சேர்வது உண்மை. அந்த நேர எரிச்சலில், தசையில் கூடும் அமிலத்தன்மையோடு அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது கழிவு அல்ல. லாக்டேட் உருவாகும் அந்தப் படி நடந்தால்தான் குளுக்கோஸை உடைக்கும் வரிசை நிற்காமல் ஓடும். உருவான லாக்டேட்டை இதயம் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கும். இந்தச் சுழற்சி அதைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது, இருவரும் 1947-இல் நோபல் பெற்றவர்கள். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் பழைய அளவுக்கு வந்துவிடும். எனவே மறுநாள் மாடிப்படி வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வலி, பழகாத தசை இழைகளில் நேர்ந்த நுண்ணிய சேதமும் அதைப் பழுதுபார்க்கும் வீக்கமும். ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மெக்ஆர்டில் நோய் என்று மிக அரிதான ஒரு பரம்பரைக் குறைபாடு. தசை தன்னிடமுள்ள கிளைக்கோஜனை, அதாவது குளுக்கோஸ் சேமிப்பை, உடைக்கும் என்சைம் பிறவியிலேயே இருக்காது. ஓடினால் இந்த நோய் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் லாக்டேட் ஏறுவதே இல்லை. ஆனாலும் முதல் சில நிமிடங்களிலேயே தசை வலித்துப் பிடித்துக்கொள்ளும். லாக்டேட்தான் எல்லா வலிக்கும் காரணம் என்றால் அவர்களுக்கு வலியே வரக் கூடாது, இல்லையா?

அப்புறம் அந்தப் பவுடர். இப்படிப்பட்ட டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் பப்பெய்ன், புரோமெலெய்ன், அமைலேஸ் என்று இருக்கும். பப்பெய்ன் வேறெதுவும் இல்லை, மட்டன் வேக அம்மா போடும் பப்பாளிக்காய்த் துண்டில் இருப்பது. புரோமெலெய்ன் அன்னாசியில் இருப்பது. புரதத்தையோ மாவுச்சத்தையோ வெட்டும் செரிமான என்சைம்கள் இவை, வயிற்றிலும் குடலிலும் வேலை செய்யலாம். அங்கிருந்து உருக்குலையாமல் ரத்தத்தில் கலந்து, தொடைக்குப் போய், தசைச் செல்லுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் உட்காரும் வழி எதுவும் கிடையாது. என்சைமும் ஒரு புரதம்தானே. பெரும்பகுதியை வயிறும் குடலும் முட்டையைச் செரிப்பதைப் போலச் செரித்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டேஸ் மாத்திரை, கணையம் பழுதானவர்களுக்கு டாக்டர் எழுதித்தரும் கணைய என்சைம் மாத்திரை, இவை நிஜமாகவே உதவுகின்றன. அவற்றின் வேலை குடலுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் காரணம்.

என்சைமை வாங்க முடியாது, உதிரிபாகங்களை வாங்கலாம். குளுக்கோஸின் மிச்சத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் என்சைமுக்கு வைட்டமின் பி1 இல்லாமல் வேலை ஓடாது. நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்குவதால், பாலிஷ் செய்த பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியில் அது அதிகம். பயறு, நிலக்கடலையிலும் உண்டு. எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகளுக்கு பி2, பி3 வேண்டும். பெரிய தேவை இரும்பு. ஆக்சிஜனைத் தூக்கிவரும் ஹீமோகுளோபினிலும் இரும்பு, மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றும் சைட்டோகுரோம்களிலும் இரும்பு. இரும்பு குறைந்தால் இரண்டு இடத்திலும் அடி விழும்.

அதனால் நீங்கள் முதலில் செலவழிக்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைக்கு. ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச் போதும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. அப்படி இருந்தால் எத்தனை மாதம் ஓடினாலும் மூச்சு இரைக்கத்தான் செய்யும், டாக்டரைப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டு ஓடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், அது இரும்பை உறிஞ்சவிடாது. ஓடும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், ஓடிய பிறகு காபி நிறத்தில் சிறுநீர், இவற்றில் ஒன்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள்.

குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். உங்களுக்குப் பஞ்சம் எரிபொருளில் இல்லை. இரவு முழுக்கப் பட்டினி கிடந்ததில் கல்லீரலின் சேமிப்பு இறங்கியிருக்கும், ஆனால் தொடைத் தசையின் கிளைக்கோஜன் அப்படியே இருக்கும். தசையில் அதைக் குளுக்கோஸாக வெளியே விடும் என்சைமே கிடையாது, அதனால் தசையின் சேமிப்பு அந்தத் தசைக்கே. அரை மணி நேர ஓட்டத்துக்கு அது தாராளம். வெறும் வயிறு பிடிக்கவில்லை என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள், தப்பில்லை. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடக் கூடாது.

ஓட்டத்தை இப்படி மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் விறுவிறு நடை, மூன்றாவது மோட்டார் சூடாகட்டும். பிறகு ஒரு நிமிடம் மெது ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மாற்றி மாற்றி இருபது நிமிடம். வேகத்துக்கு வாட்ச் வேண்டாம், பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் நடுவில் உடைந்தால் வேகம் அதிகம். மைதானத்துப் பிள்ளைகள் சிரிக்கும் அளவுக்கு மெதுவாக இருக்கும், இருக்கட்டும். வாரம் நான்கு நாள் போதும். வாரா வாரம் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் கொஞ்சம் குறையுங்கள்.

தொடர்ந்து ஓடிப் பழகுவது தசைக்குள் என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் ஜான் ஹாலொசி 1967-இல் எலிகளை வைத்துக் காட்டினார். 12 வாரம் டிரெட்மில்லில் ஓடவிட்ட எலிகளின் தசையில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது, மைட்டோகாண்ட்ரியா என்சைம்கள் கூடியிருந்தன. மனிதர்களுக்கும் இதே திசைதான். ஏடிபி மட்டம் அடிக்கடி இறங்குவதைச் செல் கவனித்து, மோட்டாரையே பெரிதாக்கிக்கொள்கிறது. சில வாரங்களில் தெரிய ஆரம்பிக்கும். ஓட்டத்தை இரண்டு, மூன்று வாரம் விட்டால் வந்தது குறையவும் ஆரம்பிக்கும், எனவே பரீட்சைப் பேப்பர் திருத்தும் மாதத்திலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது விடாமல் போங்கள்.

டப்பாவின் சீல் உடையவில்லை என்கிறீர்கள். பில் இருந்தால் தம்பியிடமே கொடுத்து, வாங்கிய கடையில் திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிடலாம்.