அளக்க வந்தால் ஏன் எதிர்ப்பு?

அன்புள்ள ஐயா,

நீர்நிலைகளைக் காக்கச் சட்டம் வேண்டுமா என்று கேட்டால் எங்கள் ஊரில் எல்லோரும் வேண்டும் என்பார்கள். அளக்க ஆள் வந்தால் அவர்களே தடுக்கிறார்கள். ஏன் இப்படி? ஒரு நீர்நிலையைக் காக்க அரசு வெளியிடும் அறிவிக்கை வரைவுக்குக் கருத்து அனுப்பினால் அதில் என்ன எழுதுவது?

ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மீன் பிடிக்கும் மடுவும் மாடு மேயும் திட்டும் எல்லைக்கல்லுக்குள் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். அது நியாயமான பயம். ஈரநிலம் (சதுப்பு போல நீர் தங்கும் இடம்) பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, அறிவிக்கைக்கு முன் தயாராகும் சுருக்க ஆவணத்தில் அங்கு ஏற்கெனவே உள்ள உரிமைகளையும் பட்டியலிட வேண்டும். வரைவு வந்ததும் அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் மடு அதில் இல்லையென்றால் மனுவின் முதல் வரியில் அதை எழுதுங்கள்.

எந்தச் சட்டம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாசன ஏரிக்கு இந்த விதிகள் பொருந்தா. வீராணம், பெருமாள் ஏரி போன்றவற்றுக்கு 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அலையாத்திக் காட்டுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. காடு 1000 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, நிலமும் அரசுடையது என்றால் சுற்றி 50 மீட்டர் காப்புப் பகுதியும் உண்டு. இடம் மாறிப் போன மனு வீண்.

பலர் எழுத மறப்பது மீட்பைப் பற்றித்தான், அதாவது கெட்டுப்போன இடத்தைத் திரும்பச் சரிசெய்வது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு இயற்கை மீட்புச் சட்டம், 2030க்குள் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் குறைந்தது 20 விழுக்காட்டில் மீட்புப் பணி நடக்க வேண்டும் என்று கெடு வைக்கிறது. நம் சட்டங்களில் பெரும்பகுதி 'செய்யாதே' என்பதோடு நிற்கிறது. அது போதாது என்பதைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலேயே பார்க்கலாம். முன்பு கூப்பு கூப்பாக (மரம் வெட்டப் பிரித்த பகுதி பகுதியாக) மொட்டையடித்த இடங்களில் வெயில் பட்டு மண் ஈரம் இழந்து அமுங்கி, தொட்டிபோலப் பள்ளமானது. ஓதத்தில் (கடல் நீர் ஏற்றத்தில்) ஏறிய நீர் வடியவில்லை. அங்கேயே ஆவியாகி உப்பு ஏறியது. வெட்டு நின்ற பிறகும் அந்தப் பள்ளங்களில் கண்டல் (அலையாத்தி மரம்) தானாக முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: ஓடையிலிருந்து சாய்வாகப் பிரியும் பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் கிளைகள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்து உப்பு குறைந்தது. கன்றை வாய்க்கால் சரிவின் நடுவில் வைப்பார்கள். கீழே வைத்தால் மூழ்கும், மேலே வைத்தால் காயும்.

ஆனால் வண்டல் படிந்து வாய்க்கால் தூர்ந்தால் உப்பு திரும்ப ஏறும். அதனால் மனுவில் "காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வாய்க்காலை, எத்தனை ஆண்டுக்கொரு முறை, யார் தூர்வாருவது, செலவு எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். வேலை உள்ளூர் ஆட்களுக்கே என்பதையும் சேருங்கள். அளக்க வருபவரைத் தடுப்பதும் அப்போது குறையும் என்பது என் எண்ணம்.

புல எண், கிராம வரைபட நகல், கிராமசபைத் தீர்மானம் மூன்றையும் இணையுங்கள். ஈரநில வரைவுக்குக் கெடு 60 நாள். கடைசி வாரம்வரை வைத்திருக்காமல், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்.