ஈசலும் பூச்சி பிஸ்கட்டும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையத்துக்காரியான நான் கோவையில் ஒரு கல்லூரியில் உணவறிவியல் கற்பிக்கிறேன். பூச்சி உணவைப் பற்றி வகுப்பில் பேசியபோது, வெளிநாட்டில் விற்கும் சுவர்க்கோழி மாவு பிஸ்கட்டைச் சுவைத்துப் பார்க்கலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வறுத்த ஈசல் என்றதும் அவர்களே முகம் சுளித்தார்கள். சுற்றுச்சூழல் நன்மையை எடுத்துச் சொன்னால் இந்த மனநிலை மாறுமா?

ச.

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அது மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேரின் வழக்கமான உணவில் பூச்சிகள் உண்டு என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2013-இலேயே அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் மஞ்சள் மாவுப்புழு என்ற வண்டுப் புழுவுக்கும், சிங்கப்பூர் 2024-இல் 16 பூச்சியினங்களுக்கும் அனுமதி அளித்தன. ஆனாலும் மேலைநாட்டு ஆய்வுகளில் அருவருப்பும் பழகாத உணவின் மீதான அச்சமுமே பெருந்தடைகளாகத் தெரிகின்றன. முழுப் பூச்சியை மறுப்பவர்களில் பலர் மாவாகக் கலந்ததை ஏற்கிறார்கள் என்பதும், ஒருமுறை சுவைத்தவர்களின் தயக்கம் குறைகிறது என்பதும் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

உங்கள் மாணவர்களின் முகச்சுளிப்பில் இவற்றோடு வெட்கமும் கலந்திருக்கிறது. மழை ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலை விளக்கு வைத்துப் பிடித்து, இறகு நீக்கி வறுத்து, பொரியோடு கலந்து தின்ற வழக்கம் கொங்கு நாட்டில் பல வீடுகளில் இருந்தது. கையில் காசு வந்து, பிள்ளைகள் படித்து நகரத்துக்குப் போன பிறகு, அது இல்லாதவர்களின் தீனி என்று ஒதுக்கப்பட்டது. இன்னும் அதை உண்பவர்களை இளக்காரமாகப் பார்ப்பதற்கும் அந்த ஒதுக்கலே காரணமாகிறது, இதுவே எனக்கு உண்மையில் வருத்தம் தருகிறது. பளபளப்பான உறையில் புரதச்சத்து என்று அச்சிட்டு வரும் பிஸ்கட்டில் இந்த வெட்கத்துக்கு இடமில்லை. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள். அவற்றை உங்கள் மாணவர்கள் விரும்பியே உண்பார்கள்.

பட்டுப்புழு வளர்ப்பைக் கண்ணால் கண்ட ஊர் உங்களுடையது. நூலெடுத்த பின் எஞ்சும் கூட்டுப்புழுவை அசாமில் பல சமூகத்தினர் விரும்பி உண்கிறார்கள். கொரியாவில் அது தெருவோரத் தின்பண்டம். ஆகவே புள்ளிவிவரங்களுக்கு முன்னால், வீட்டில் அப்பாரும் அம்மிச்சியும் (தாத்தாவும் பாட்டியும்) எதையெல்லாம் பிடித்துத் தின்றார்கள், எப்போது, ஏன் விட்டார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தம் குடும்பத்தின் உணவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசத் தொடங்கிய பிறகு, அதை உண்பதோ மறுப்பதோ அந்த இளைஞரின் உரிமை.

வகுப்பில் சுவைக்கக் கொடுப்பதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சி உணவும் ஒவ்வாமல் போகலாம், அவர்களை முன்கூட்டியே கேட்டு விலக்கிவிடுங்கள். பூச்சிமருந்தடித்த வயற்காட்டில் பிடித்த ஈசலையும் தவிர்த்துவிடுங்கள்.

அன்புடன்.