டேப்பில் எண் சரி, பாட்டு மட்டும் வரவில்லை

பேஸ் கிட்டாரில் டேப்பைப் (எந்தக் கம்பியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்து எண்களைப் பிசகாமல் அழுத்தியும் பாட்டு மாதிரியே இல்லை, மூன்றாம் ஃபிரெட்டிலிருந்து (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஏழுக்குத் தாவும்போது கை தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்களுடையது மட்டும் இல்லை. சாதாரண டேப் எங்கே விரல் வைப்பது என்றுதான் சொல்லும். எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது, எங்கே நிறுத்துவது என்று சொல்லாது. பேஸில் பாதி உயிரே அந்த நிறுத்தத்தில்தான் இருக்கிறது. அதனால் முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, டிரம்ஸின் கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுகிறது என்று கேட்டு, பேஸ் வரியை வாயால் முனகிப் பாருங்கள். முனக வராதது விரலிலும் வராது. அப்புறம் பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு இரண்டு பாராக (பார் என்பது ஒரு தாளச் சுற்று) வாசியுங்கள்.

அந்தத் தாவலுக்கு வருவோம். தடித்த இ கம்பியின் ஏழாம் ஃபிரெட்டும் அடுத்த ஏ கம்பியின் இரண்டாம் ஃபிரெட்டும் ஒரே ஸ்வரம். மூன்றுக்குப் பக்கத்திலேயே இரண்டு இருக்கிறது, கை நகரவே வேண்டாம்! டேப் எழுதியவர் தனக்கு வசதியான இடத்தை எழுதியிருப்பார், அது வேதவாக்கு இல்லை. ஏழில் ஒலி சற்றுத் தடிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, எல்லா ஸ்வரமும் ஒரே அளவு விலகிக் கேட்டால் பாட்டின் டியூனிங்கே (கம்பிகளுக்கு வைத்த சுருதி) வேறு. அரை ஸ்வரம் இறக்கிப் பதிவு செய்த பாட்டுகள் நிறைய உண்டு.