சொறியாத திட்டைத்தான் முதலில் காட்ட வேண்டும்

கேள்வி: நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். கணவருக்குப் புறக்கோட்டையில் புடவைக்கடை வேலை. ஏழெட்டு மாதமாக அவருக்குத் தொடை இடுக்கில் வட்ட வட்டமாகச் சிவந்து, இரவில் தூங்கவிடாமல் சொறிகிறது. பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் ஒரு கிழமையில் அடங்கும். விட்டால் முன்னையதைவிடப் பெரிதாக வரும். இப்போது எனக்கும் இடுப்பில் வந்துவிட்டது. இதற்கு ஸ்பெஷலிஸ்டைக் காசு கட்டிச் சனல் பண்ணத்தான் வேண்டுமா? 11 வயது மகனுக்கும் முழங்கைக்கு மேலே வெளிறிய திட்டு ஒன்று ஆறு மாதமாக இருக்கிறது. அதில் சொறி இல்லை. "வயிற்றில் பூச்சி, மருந்து கொடுத்தால் போய்விடும்" என்கிறா மாமி.
- வாசகி, கொழும்பு 13

பதில்: சகோதரி, கடிதம் முழுக்கக் கணவரின் சொறிதான், மகன் கடைசியில்தான் வருகிறான். நான் வரிசையை மாற்றுகிறேன். இந்தக் கிழமையே மகனைக் காட்டுங்கள்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகளின் வெளிறிய திட்டு பெரும்பாலும் சாதாரணமானதுதான். வறண்ட தோல் உள்ள பிள்ளைகளுக்குக் கன்னத்திலும் கையிலும் ஓரம் தெளிவில்லாமல், மாப் பூசியதுபோல வெளிறும். சில மாதங்களில் தானாக மங்கிவிடும். தேமல் என்றால் பெரும்பாலும் கழுத்து, நெஞ்சு, முதுகில் வரும். நகத்தால் சுரண்டினால் தூள்போல உதிரும். கொழும்பு வியர்வையில் அது வராத வீடு குறைவு. பால்வெள்ளையாக, வெட்டிய ஓரத்தோடு இருந்தால் வெண்புள்ளி. அது யாருக்கும் தொற்றாது. மாமியின் பூச்சி மருந்து வயிற்றுக்கு நல்லது, திட்டுக்கு ஒன்றும் செய்யாது.

ஆனால் சொறியாத, மாதக்கணக்கில் அப்படியே நிற்கும் வெளிறிய திட்டைக் கண்டால் எங்கள் வைத்தியர்கள் இன்னொன்றையும் நினைப்பார்கள்: தொழுநோய். 1708இல் ஒல்லாந்தர் ஹெந்தளையில் கட்டிய வைத்தியசாலையோடு அது முடிந்த கதை என்று பலர் எண்ணுகிறார்கள். முடியவில்லை. இலங்கையில் இன்றும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. கிருமி உடலில் புகுந்து அடையாளம் தெரிய ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம்.

மகனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டிலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறி மெதுவாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டட்டும். திட்டில் மட்டும் தடுமாறினாலோ, அங்கே முடி உதிர்ந்து வியர்க்காமல் இருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சரியாகக் காட்டினாலும் போகத்தான் வேண்டும், வீட்டுச் சோதனை தீர்ப்பு அல்ல. தொழுநோயேதான் என்று வைத்தாலும் மருந்து இலவசம். ஆறு மாதம், கூடினால் ஒரு வருடம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடும். பிந்தினால்தான் நரம்பு கெட்டு விரல் மடங்கும்.

பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. ஓபிடியில் காட்டினால் தோல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். சனல் காசு தேவையில்லை, காலையிலேயே போய் நம்பர் எடுக்கும் பொறுமைதான் தேவை.

இனி உங்கள் இருவரின் படர்தாமரை, அதாவது தோலில் வரும் பூஞ்சைத் தொற்று. நான் பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் பூசினால் அடங்கி, விட்டால் பெருகும் கதை ஸ்டீரொய்ட் கலந்த கிறீமின் கதை. டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அது சிவப்பையும் சொறியையும் அமுக்கும், பூஞ்சைக்கோ அது விருந்து. வட்டத்தின் ஓரம் அழிந்து, வைத்தியருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் வருவதுபோலக் கோடும் விழும், அந்தக் கோடு பிறகு மறையாது. கவுண்டரில் நின்று, பின்னால் வரிசை முட்ட, சாரத்தைத் தூக்கிக் காட்ட முடியாத இடத்துக்கு இரண்டு வார்த்தையில் மருந்து கேட்டால் இப்படித்தான் நடக்கும்.

புதிதாக வந்த படர்தாமரைக்குக் குடும்ப வைத்தியரே போதும். உங்கள் கணவருடையது ஏழெட்டு மாதம் ஸ்டீரொய்ட் தின்றிருக்கக்கூடிய தோல். அவருக்கு நிபுணர் வேண்டும். இரத்தத்தில் சீனியும் பார்க்கட்டும், திரும்பத் திரும்ப வரும் பூஞ்சைக்குப் பின்னால் சிலவேளை நீரிழிவு இருக்கும். நீங்களும் கூடவே மருந்து எடுங்கள். ஒருவருக்கு மட்டும் சுகமானால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். துவாய், சாரம், படுக்கை விரிப்பு எல்லாம் தனித்தனி, சுடுநீரில் துவைத்து வெயிலில் காயட்டும். தோல் தெளிந்த பிறகும் வைத்தியர் சொன்ன நாள்வரை பூசுங்கள், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் போய்வந்த பிறகு நோகாத ஒரு கட்டி ஆறாமல் நின்றால் அது மணல் ஈ கடியால் வரும் லீஷ்மேனியா என்ற தோல் நோயாக இருக்கலாம், காட்டுங்கள். புது மாத்திரை தொடங்கிய பின் காய்ச்சலோடு கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு வந்தால் கிளினிக் நாளைப் பார்க்கவே வேண்டாம், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு.

அந்த டியூபை எறிந்துவிடாதீர்கள். பூசுவதை நிறுத்திவிட்டு, பெட்டியோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எத்தனை டியூப் முடிந்தது என்று கேட்டால் கணவர் உண்மையைச் சொல்லட்டும்.