வேரா, தண்டா?

கேள்வி: எனக்கு 27 வயது. சிறு வயதிலிருந்தே உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் சொட்டச் சொட்ட வியர்க்கும். எழுதினால் தாள் நனைந்துவிடும். சீன வைத்தியர் ஒருவரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொன்னார், மலச்சிக்கல் உண்டா என்றார், ஊசி குத்தினார், கஷாயப் பொட்டலம் ஒன்றும் தந்தார். அதில் ‘மா ஹுவாங்’ என்று எழுதியிருக்கிறது. குடிக்கலாமா? கை வியர்வைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வையுங்கள். மா ஹுவாங் என்றால் எபெட்ரா செடியின் தண்டு. அது வியர்வையை வரவழைக்கும் மருந்து! வியர்வையை நிறுத்தக் கொடுப்பது அதே செடியின் வேர்; அதன் பெயர் ‘மா ஹுவாங் கென்’. சுட்ட சிப்பி ஓடு, ஹுவாங் சி வேர், நீரில் மிதக்கும் சாவிக் கோதுமை இவற்றோடு அந்த வேரைச் சேர்த்துக் கஷாயம் வைப்பது பழைய முறை. உங்கள் வைத்தியர் ‘கென்’ எழுத மறந்திருக்கலாம். ஆனால் தண்டில் எபெட்ரின் இருக்கிறது. படபடப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். எபெட்ரின் வகைப் பொருள்கள் உள்ள எபெட்ரா சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004இல் தடை செய்தது இதனால்தான்.

மலச்சிக்கல் கேள்வி எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பை வரவழைத்தது. நானும் கை வியர்க்கிற ஆள்தான். நாடி பார்த்துப் பழகும் வகுப்பில் என் கையைப் பிடித்த ஆசிரியர், விரலைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்தவரிடம் போவார். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஜாங் சோங்ஜிங் என்ற சீன வைத்தியர், காய்ச்சலில் கைகால் மட்டும் விடாமல் வியர்த்தால் குடலில் மலம் இறுகியிருக்கிறது என்று கணக்குப் போட்டார். உள்ளங்கை வியர்த்தால் இரைப்பைச் சூடு, மண்ணீரல் ஈரம், இதயம் என்று தேடுவது அந்த வழியில் வந்த வழக்கம். இதெல்லாம் அவர்களுடைய உடல் கணக்கு. ஸ்கேனில் தெரிகிற சமாசாரம் இல்லை.

ஊசியைப் பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹெகு என்ற புள்ளியிலும், உள்கணுக்காலுக்கு மேலே ஃபூலியூ என்ற புள்ளியிலும் போட்டிருப்பார். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஹெகுவைத் தவிர்ப்பார்கள். கை வியர்வைக்கு ஊசி குத்துவது பற்றிய ஆய்வுகள் குறைவு, சின்னவை. எனக்குச் சாதாரண நாட்களில் ஓரளவு குறைந்தது. பரீட்சை அன்று மட்டும் பழையபடி குளம்தான். அப்புறம் தோல் மருத்துவர் சொன்ன அலுமினியம் குளோரைடை இரவில் கையை நன்றாக உலர்த்திப் பூசிய பிறகுதான் பேனா நழுவாமல் நின்றது.

ஒரு பக்கம் மட்டும் புதிதாக வியர்த்தாலோ, இரவில் படுக்கை நனைந்து எடையும் குறைந்தாலோ ஊசி, கஷாயம் இரண்டையும் விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே இருப்பதால் அந்தப் பயம் அவ்வளவாக வேண்டாம். பொட்டலத்தை மட்டும் எடுத்துப் போய், வேரா தண்டா என்று வைத்தியரிடமே கேட்டுவிடுங்கள்.